கிறிஸ்துமஸுக்குக் கோயில் வளாகத்தில் திரை கட்டிப் போட எந்தப் படம் நல்லது?

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உங்கள் பங்குக் கோயிலில் 24-ஆம் தேதி இரவு படம் போடப் போவதாகவும், பிடித்த கிறிஸ்துமஸ் படங்களைச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு டிவியில் பார்ப்பதற்கு என்றால் பத்துப் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். தார்ப்பாய் விரித்துக் குழந்தைகளும் பாட்டிகளும் பனியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அந்தப் பட்டியல் உதவாது. பிடித்த படம், பிடிக்காத படம் என்பதெல்லாம் பிறகு. நேரமும் குளிரும்தான் முதலில் முடிவு செய்யும்.

டிசம்பரில் ஆறே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிடும். நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாடகர் குழு பத்து மணியிலிருந்தே கூடத் தொடங்கும். ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை தடை. ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு தளர்த்தலாம். உங்கள் நாள் அதில் சேருமா என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, ஏழேகாலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் ஒன்பது மணிக்கு மேல் சின்னப் பிள்ளைகளை வெளியில் உட்கார வைக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது 1946-இல் பிராங்க் காப்ரா எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’. கறுப்பு வெள்ளைப் படம், 130 நிமிடம். நம் ஊருக்கு ஒட்டாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறிய ஊரில் ஏழைகளுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கும் ஒரு சங்கம், அதை விழுங்கப் பார்க்கும் ஒரு பணக்காரர், பணம் போட்டவர்கள் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்கும் கூட்டம், தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கும் கதாநாயகன். சீட்டுக் கம்பெனி மூடிக் கதவைத் தட்டிய குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன! அவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலப் பேச்சு வேகமாக இருக்கும் என்பதுதான் இதில் சிக்கல். அதற்கு வழி உண்டு. நான்கு இடத்தில் படத்தை நிறுத்தி, ஒருவர் மைக்கில் இரண்டு வரி தமிழில் சொல்லட்டும். பனிக்கட்டிக்குள் விழுந்த தம்பியைக் காப்பாற்றியதில் கதாநாயகன் ஜார்ஜுக்கு இடது காது கேட்காமல் போவது, கூட்டம் பணம் கேட்டு வருவது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சித்தப்பா 8,000 டாலரைத் தொலைப்பது, ஜார்ஜ் பிறக்கவே இல்லையென்றால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று வானதூதர் காட்டுவது. இந்த நான்கும் புரிந்துவிட்டால் மற்றதை முகங்களே சொல்லிவிடும். பாலத்தில் நின்று சாக நினைக்கும் காட்சி உண்டு என்பதைப் பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள்தான் அதிகம் என்றால் 1990-இல் வந்த ‘ஹோம் அலோன்’, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் தனியாக விடப்பட்ட பையன் திருடர்களைச் சமாளிக்கும் கதை. 103 நிமிடம், பேச்சே புரியாவிட்டாலும் சிரிப்பு நிற்காது. திருடர்களை அடிக்கும் கடைசிக் கட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் கோயிலில் சிறுவர் பாடகர் குழு பாடிக்கொண்டிருக்க, பையனும் எல்லோரும் பயப்படும் பக்கத்து வீட்டுக் கிழவரும் பேசும் காட்சி இருக்கிறதே, கிறிஸ்துமஸ் அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் டீ கொடுக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி, பெயிண்ட் டப்பா வித்தைகளை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்று முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

“பூசைக்கு முன்னால் சிரிப்புப் படமா?” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு 2006-இல் வந்த ‘தி நேட்டிவிட்டி ஸ்டோரி’ இருக்கிறது. இயேசு பிறப்பின் கதை; முதல் திரையிடலே வத்திக்கானில்தான் நடந்தது. நாசரேத்தின் வறுமை, வரி வசூல், கர்ப்பிணியோடு கல்லும் முள்ளுமாக நடக்கும் வழி எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் படம் தொடங்குவதே ஏரோதின் வீரர்கள் குழந்தைகளைக் கொல்ல வரும் இடத்தில். முதல் சில நிமிடங்களைத் தள்ளிவிட்டுப் போடுங்கள், கதை கெடாது. வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் அதிகமுள்ள ஊர் என்றால் பீம்சிங் இயக்கி, விஜயசந்தர் இயேசுவாக நடித்த ‘கருணாமயுடு’ (1978) மூத்தவர்களை அசையாமல் உட்கார வைக்கும். அது இயேசுவின் பாடுகள், அதாவது சிலுவைச் சாவு வரை போகும் கதை; பாலன் பிறப்பு இரவுக்கு அதன் முற்பகுதி போதும். தமிழில் 1948-இல் சிட்டாடல் ஸ்டுடியோ எடுத்த ‘ஞானசௌந்தரி’யை மறக்க வேண்டாம். பாட்டிகள் கூடவே பாடுவார்கள்.

2024-இல் வந்த ‘மெரி கிறிஸ்துமஸ்’ பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல படம்தான், ஆனால் கொலைக் கதை.

உரிமை விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிடி சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும். 2019-இன் ‘க்ளவுஸ்’ கையால் வரைந்த அருமையான படம், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் ஓடிடியில் இருப்பது. அதனால்தான் அதை வீட்டில் பார்க்கச் சொல்கிறேன். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1946, 1948 படங்களுக்கு அது முடிந்துவிட்டது. புதிதாக வண்ணம் சேர்த்த பிரதிக்கும் புதிய டப்பிங்குக்கும் தனி உரிமை இருக்கலாம், பழைய பிரதியையே போடுங்கள். புதிய படங்களுக்கு உரிமம் வாங்கித்தான் போட வேண்டும்.

டப்பிங் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகள் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர்கள் ஏன் நம் ஹீரோக்களின் பஞ்ச் வசனங்களையும், ஆளின் நிறத்தையும் உடம்பையும் கிண்டலடிக்கும் வரிகளையும் திணிக்கிறார்கள்? மூலத்தில் இல்லாத அசிங்கம் அது. பாட்டு வரும் நேரத்தில்கூட வாயை மூட மாட்டார்கள். டப்பிங் பிரதி என்றால் முழுவதும் ஒருமுறை கேட்காமல் கோயில் வளாகத்தில் போடாதீர்கள்.

இனி கருவி. 12 அடி அகலத் திரைக்கு (உயரம் ஆறே முக்கால் அடி) 3,000 ஆன்சி லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) புரொஜெக்டர் வாடகைக்கு எடுங்கள். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்கும் மினி புரொஜெக்டரின் அட்டையில் 9,000 லூமென் என்று போட்டிருக்கும்; உண்மையில் பலவற்றில் 200, 300 ஆன்சிதான் வரும். கணக்குப் போட்டால், திரையின் 81 சதுர அடிக்கு 3,000 லூமென் என்றால் சதுர அடிக்கு 37, 300 என்றால் நாலுகூட இல்லை. தியேட்டரில் இருப்பதே சுமார் 14. ஆனால் அங்கே கும்மிருட்டு, உங்களுக்கோ குடிலும் நட்சத்திரமும் சீரியல் பல்பும் எரிந்துகொண்டிருக்கும். திரையைப் பார்த்து எரியும் விளக்குகளை மட்டும் அணைத்தால் போதும், குடிலை இருட்டாக்க வேண்டாம். சாதாரண லென்ஸுக்குத் திரை அகலத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 18 அடி தள்ளி வைக்க வேண்டும்.

ஒற்றை வேட்டித் துணி வெளிச்சத்தைப் பின்னால் விட்டுவிடும்; அதற்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று கட்டுங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் பளபளப்பில்லாத பக்கம் முன்னால் வரட்டும். காற்றில் அது பாய்மரம் மாதிரி இழுக்கும் என்பதால் கீழ் விளிம்பிலும் மூங்கில் கோர்த்து இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். திரையின் அடி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும்.

சத்தம்தான் பெரும்பாலும் கெடுக்கும். கூம்பு ஸ்பீக்கர் அறிவிப்புக்குச் சரி, படத்துக்கு ஆகாது. பாக்ஸ் இரண்டு, திரையின் இரு பக்கம். புளூடூத்தில் கொடுத்தால் உதடும் குரலும் பிரிந்து போகும், ஒயரில் கொடுங்கள். அப்படியும் பிசகினால், லேப்டாப்பில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜே, கே பட்டன்கள் குரலை ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லி செகண்ட் நகர்த்தும். இசை காதைப் பிளந்து பேச்சு மட்டும் கேட்காவிட்டால் அதே விஎல்சியில் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றி, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை இயக்குங்கள். ‘கொர்’ என்று இரைந்தால் லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக்கில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போட்டால் பெரும்பாலும் நிற்கும். எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம், லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் புரொஜெக்டரைப் பனி ஒன்றும் செய்யாது, அதன் சூடே காக்கும். அணைத்த பிறகுதான் லென்ஸில் ஈரம் இறங்கும். விசிறி நின்றதும் மூடி போட்டு உள்ளே எடுத்துவிடுங்கள். விசிறி நிற்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் பல்பின் ஆயுள் குறையும். கரண்ட் போனாலும் இதே கதிதான் என்பதால் ஜெனரேட்டர் இருந்தாலும் இடையில் ஒரு யூபிஎஸ் வையுங்கள். எல்லாவற்றையும் 23-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, சீரியல் பல்புகளை எரியவிட்டே, முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.