தம்பியைக் கட்டிலில் கட்டினார்கள்: யாரிடம், என்ன கேட்பது?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அரசாங்க மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில் சேர்த்தோம். இரவில் கத்தினான் என்று கை கால்களைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். ஒரு மிஸ்ஸி (தாதி), "அவன் நல்லதுக்குத்தான்" என்றார். இன்னொருவர் என் முகத்தையே பார்க்கவில்லை. மறுபடியும் சேர்க்கப் பயமாக இருக்கிறது. - வாசகி, பிறை, பினாங்கு

பதில்: ஒரே வார்டின் ஊழியர்களிடம் இரண்டு மனநிலைகள் இருப்பதில் வியப்பில்லை. இதை அளக்க நார்வேயில் 15 வாக்கியங்கள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். கட்டாயப்படுத்துவதைச் சிலர் நோயாளியைப் புண்படுத்தும் செயலாகப் பார்க்கிறார்கள், சிலர் பாதுகாப்பாக, சிலர் சிகிச்சையாகவே பார்க்கிறார்கள். எனக்குக் கவலை தருவது மூன்றாவதுதான். பாதுகாப்புக்காகக் கட்டினால் ஆபத்து நீங்கியதும் அவிழ்த்தாக வேண்டும். சிகிச்சை என்று நம்பிவிட்டால் எப்போது அவிழ்ப்பது?

அதனால் "ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்காதீர்கள், "நல்லதுக்குத்தான்" என்ற பதில்தான் மறுபடியும் வரும். கட்டுவதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள், எத்தனை மணிக்குக் கட்டி எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள், இடையில் யார் வந்து பார்த்தார், பிறகு அவனிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று கேளுங்கள். பார்வையாளர் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மிஸ்ஸியிடம் வேண்டாம், பாவம். நேரம் கேட்டு நிபுணர் டாக்டரையே பாருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மருத்துவமனை இயக்குநருக்கு எழுதுங்கள்.

இங்கிலாந்தில் 'சேஃப்வார்ட்ஸ்' என்ற திட்டத்தில், பேசும் விதம், அமைதிப்படுத்தும் பொருள்கள் போன்ற சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் ஏறக்குறைய கால்வாசி குறைந்தன. தம்பி தெளிவாக இருக்கும்போது அவனையே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எதைக் கண்டால் மிரள்வான், எது அவனை அமைதிப்படுத்தும், யார் குரலுக்குக் கட்டுப்படுவான். மலாயில் எழுதினால் நல்லது. இரவுப் பணியில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம்.

சேர்க்கவே வேண்டாம் என்பது மட்டும் தப்பு. நோய் முற்றும்வரை காத்திருந்தால் போலீஸ் வண்டியில் போக வேண்டி வரலாம், அது இதைவிடப் பெரிய கட்டாயம். மலேசியாவின் 2001 மனநலச் சட்டப்படி அவனே விரும்பியும் சேரலாம். குடும்பத்தார் விண்ணப்பித்துச் சேர்த்தால், 24 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், முதலில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது பக்கத்தில் 'மெந்தாரி' என்ற சமூக மனநல மையம் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.