சுருள்பாசி மஞ்சள் தட்டுகிறது: வெயில் பட்டால் ஆன்டிஆக்சிடன்ட் கூடுமா?

கேள்வி: சுருள்பாசித் (ஸ்பைருலினா) தொட்டியில் பாதிக்கு மேல் அறுவடை செய்துவிட்டுப் புது ஊட்டநீர் நிரப்பினேன். வெயில் நன்றாகப் பட்டால் ஆன்டிஆக்சிடன்ட் கூடும் என்று ஒருவர் சொன்னதால் நிழல்வலையையும் எடுத்துவிட்டேன். இரண்டே நாளில் கரும்பச்சை போய் மஞ்சள் தட்டிவிட்டது. வலையை மறுபடி போடலாமா?

பதில்: இன்றே போடுங்கள். பாதித் தொட்டியை அள்ளியதும் வலையை எடுத்ததும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை. பாசி அடர்த்தியாக இருந்தால் மேலே உள்ள இழைகள் கீழே உள்ளவற்றுக்கு நிழல் தரும். நீர்த்துவிட்டால் ஒவ்வொரு இழையும் நேர் வெயிலில் நிற்கும்.

உச்சி வெயிலில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒளியே சுருள்பாசியின் ஒளிச்சேர்க்கைக்குப் போதும். மீதி ஒளி செல்லுக்குள் டி1 என்ற புரதத்தை உடைக்கிறது. செல் அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். உடைவது முந்திக்கொண்டால் ஒளிச்சேர்க்கை விழும். மிஞ்சும் ஆற்றல் ஆக்சிஜனைத் தீவிர வடிவங்களாக மாற்றிச் செல்லையே தாக்கும். அதைத் தடுக்கக் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமியின் பங்கு கூடும், ஒளி பிடிக்கும் நீல நிறமியான ஃபைகோசயனின் குறையும். நீங்கள் பார்த்த மஞ்சள் அதுதான்.

உங்களுக்குச் சொன்னவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. டுனாலியெல்லா, ஹீமட்டோகாக்கஸ் என்ற வேறு பாசிகள் கடும் ஒளியில் பீட்டா கரோட்டின், அஸ்டாசாந்தின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் நிறமிகளைச் சேர்க்கும். அவற்றை வளர்ப்பவர்கள் முதலில் பச்சையாகப் பெருக்கிவிட்டு, பிறகுதான் வெயிலில் வாட்டுவார்கள். சுருள்பாசியில் விலை பேசுவது ஃபைகோசயனின். அதுவே நல்ல ஆன்டிஆக்சிடன்ட். வெயிலில் வாட்டினால் அதைத்தான் முதலில் இழப்பீர்கள்.

காலை வேளையில் கூடுதல் கவனம் தேவை. தண்ணீர் குளிர்ந்திருக்க வெயில் சுள்ளென்று ஏறினால், சேதம் நடக்கும் வேகத்துக்குப் பழுது நீக்கம் ஈடுகொடுக்காது. சுருள்பாசிக்கு 35 டிகிரி வாக்கில் வெப்பம் பிடிக்கும் என்பதால் தண்ணீர் சூடேறும்வரை வலை இருக்கட்டும். நண்பகலில் நன்றாகக் கலக்கிவிடுங்கள். தேங்கிய ஆக்சிஜன் வெளியேறும், இழைகளும் மாறி மாறி நிழலுக்குப் போகும்.

வெள்ளைத் தட்டைக் குச்சியில் கட்டி இறக்கிப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மறைந்தால் அடர்த்தி தேறிவிட்டது, வலையைத் தளர்த்தலாம். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அள்ள வேண்டாம்.

நிழல் கொடுத்தும் நாலைந்து நாளில் பச்சை திரும்பாவிட்டால் நைட்ரேட் அளவைப் பாருங்கள். தழைச்சத்துக் குறைந்தாலும் இதே மஞ்சள் வரும், ஆனால் மெல்ல மெல்லத்தான். நுரை பொங்கி, நுண்ணோக்கியில் இழைகள் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்தத் தொட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். கழுவிவிட்டுப் புது வித்துப்பாசி போடுங்கள்.