காட்டுக் குரங்குகள் என்னதான் சாப்பிடும்? இடத்துக்கு இடம் உணவு மாறுமா?

கண்டிப்பாக மாறும். எனக்கு வேதாரண்யம் பக்கம், அதனால் கோடியக்கரைக் காட்டில் பார்த்ததிலிருந்தே சொல்கிறேன். அங்கே இருப்பது நம் ஊர்களில் திரியும் அதே நாட்டுக் குரங்குதான்.

வைகாசி, ஆனியில் உலக்கைப் பாலை பழுக்கும். சின்ன மஞ்சள் பழம், தின்றால் உதட்டில் பால் ஒட்டும். ஒருமுறை வயிற்றில் குட்டி தொங்க, ஒரு தாய்க் குரங்கு இரண்டு கையாலும் பறித்துப் பறித்து, மெல்லாமலே வாயில் திணித்தது. கன்னம் இரண்டும் புடைத்துவிட்டன. பெரிய கடுவன் ஒன்று நெருங்கியதும் அடுத்த மரத்துக்குத் தாவியது. அங்கே உட்கார்ந்து புறங்கையால் கன்னத்தை அமுக்கி, ஒவ்வொரு பழமாக வாய்க்குக் கொண்டுவந்து தின்று விதையைத் துப்பியது. அதற்குத்தான் கன்னப்பை. வலியது பிடுங்குவதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். மரத்துக்கும் நல்லது, விதை தள்ளிப் போய் விழுகிறதே!

பழம் இல்லாத மாதங்களில் கொழுந்து, பூ, வெட்டுக்கிளி, சிலந்தி, பறவை முட்டை என்று கிடைத்ததைத் தின்று சமாளிக்கும்.

இலையை அதிகம் தின்னும் சாம்பல் மந்தி என்ற வேறு வகைக் குரங்குக்குக் கன்னப்பை கிடையாது. அதன் இரைப்பையில் பல அறைகள். நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்க உதவும். அதனால்தான் தின்றுவிட்டு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குக்கு மழைக்காட்டுப் பழமும் பூச்சியும். எத்தியோப்பிய மலைகளில் கெலாடா என்ற குரங்கு பெரும்பாலும் புல்லையே மேய்கிறது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியது. காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. குரங்குகள் சாலையோரம் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நானும் போகும்போதெல்லாம் பிஸ்கட், வாழைப்பழம் போட்டேன். காடு துளிர்த்த பிறகும் அவை உள்ளே போகவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே சாலைக்கு ஓடிவந்தன. அப்படி ஓடிவந்த குட்டி ஒன்று லாரியில் அடிபட்டது. தாய் அதை இரண்டு நாள் தூக்கிக்கொண்டே திரிந்தது. அன்றோடு நிறுத்தினேன், இன்றுவரை ஒரு பழம்கூடப் போட்டதில்லை.

கோடியக்கரைக்கு வந்தால் நீங்களும் கையில் எதையும் காட்டாதீர்கள். பாலை பழுக்கும் சமயத்தில் காலையிலேயே வாருங்கள். பழுத்த மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். அவை துப்பிய விதைகள் உங்கள் காலடியிலேயே பளபளவென்று கிடக்கும்.