ஹெர்பிஸ் கண்ணும் ஸ்டீராய்டு சொட்டும் – கடிதம்

வணக்கம். போன வருடம் என் தம்பிக்குக் கண்ணில் ஹெர்பிஸ் புண் வந்தபோது, ‘ஸ்டீராய்டு சொட்டு பக்கமே போகாதீர்கள்’ என்றார் மருத்துவர். இப்போது அதே கண் மங்கலாகியிருக்கிறது. அவரே ஸ்டீராய்டு எழுதித் தருகிறார், கூடவே அசைக்ளோவிர் மாத்திரையும். எதை நம்புவது?
மாலதி

அன்புள்ள மாலதி,

இரண்டு முறையும் அவர் சொன்னது சரிதான். போன வருடம் கண்ணைக் கெடுத்தது ஹெர்பிஸ் வைரஸ். இப்போது கெடுப்பது பெரும்பாலும் தம்பியின் எதிர்ப்பு சக்தி.

அன்றைய புண் கருவிழியின் (கண்ணின் முன்புறத்தில் ஒளி புகும் கார்னியா) மேல்தோலில் இருந்திருக்கும். அங்கே வைரஸ் பெருகி செல்களை நேரடியாகக் கொல்கிறது. ஃபுளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், கிளைவிட்ட கோடு பச்சையாக ஒளிரும், நுனிகளில் சிறு குமிழ்களோடு. அப்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் விட்டால் தடுக்க ஆளில்லாமல் வைரஸ் பரவி, கிளைகள் சேர்ந்து அகன்ற புண்ணாகிவிடும்.

இப்போதைய மங்கல் அதற்கடியில், ஸ்ட்ரோமா அடுக்கில். அரை மில்லிமீட்டர் கருவிழியில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கொலாஜன் இழைகள் சீராக அடுக்கியிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. வைரஸை அடையாளம் கண்டு சிடி4 டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் இங்கே வருகின்றன, அவை அழைக்க நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக இறங்குகின்றன. நியூட்ரோஃபில்களின் நொதிகள் கொலாஜனை அரிக்கின்றன. ரத்தக் குழாயே இல்லாத கருவிழிக்குள் குழாய்கள் முளைக்கின்றன. பிறகு தழும்பு. டி செல் இல்லாத எலிகளின் கண்ணில் இந்த வைரஸை ஏற்றினால் ஸ்ட்ரோமா நோய் வருவதில்லை. ஆனால் வைரஸ் மூளைக்கு ஏறி எலி செத்துவிடும். எதிர்ப்பு சக்தியை முழுக்க அடக்கவும் முடியாது, அவிழ்த்துவிடவும் முடியாது என்பது இதனால்தான்.

ஆகவே ஸ்டீராய்டு, வைரஸ் எதிர்ப்பு மருந்தின் காவலோடு. 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டை 10 வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள், கூடவே வைரஸ் எதிர்ப்புச் சொட்டும் கொடுத்தார்கள். நோய் நீடிப்பதும் மோசமாவதும் 68% குறைந்தது. பலர் சறுக்குவது இந்தக் குறைக்கும் கட்டத்தில்தான். கண் தெளிந்ததும் சட்டென்று நிறுத்துவார்கள், அழற்சி திரும்பிவிடும். சொட்டு ஓடும் வரை கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் வைரஸை வேரறுக்காது. வைரஸ் முகத்தின் முப்பெருநரம்பு முடிச்சில் ஒளிந்தே இருக்கும். ஆனால் 400 மி.கி. தினம் இருவேளை, ஒரு வருடம் எடுத்தவர்களில் கண் நோய் திரும்பியது 19 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 32. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை கண் சிவந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு பாட்டிலை எடுக்க வேண்டாம். மேல்தோலில் புண் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டும்.