கோணல் முதுகு, குட்டைத் தாடை: குறையோடு பிறந்த கெக்கோவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் லெப்பர்ட் கெக்கோ (புள்ளிபோட்ட செல்லப் பல்லி) ஜோடியின் முட்டைகளிலிருந்து ஆறு குட்டிகள் வந்தன. ஒன்றுக்கு முதுகும் வாலும் கோணல். இன்னொன்றுக்குக் கீழ்த்தாடை குட்டை. நாக்கு நுனி எப்போதும் வெளியே தெரிகிறது. ஐந்து வாரம் ஆகிறது. கடைக்காரர் மற்ற நான்கை மட்டும்தான் எடுத்துக்கொள்வாராம். இந்த இரண்டையும் கேட்பவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடலாமா?
— வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: இப்போதே கொடுக்காதீர்கள்; சும்மாவும் கொடுக்காதீர்கள்.

ஐந்து வாரத்தில் குறையின் முழு அளவு தெரியாது. குட்டி வளர வளர முதுகுக் கோணல் கூடலாம். கோணல் இடுப்புப் பக்கம் இருந்தால் மலம் கழிப்பது சிரமமாகி, வயிறு அடைத்துக்கொள்ளும். குறைந்தது மூன்று மாதமாவது உங்களிடமே இருக்கட்டும். அதுவரை கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பொரித்த அன்று 3 கிராம் அளவில் இருந்த குட்டி வாராவாரம் கொஞ்சமாவது ஏற வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. பின்னால் வீடு தேடும்போது வேறெந்தச் சான்றையும்விட இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் ஒருமுறை காட்டுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் போதாது. பிறவிக் கோணலும், கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்து எலும்பு வளைவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கால்சியக் குறை என்றால் தாடை ரப்பர்போல நெகிழும், விரல்கள் நடுங்கும். அதற்குச் சிகிச்சை உண்டு, மேலும் மோசமாகாமல் தடுக்கலாம். பிறவிக் கோணல் மாறாது, ஆனால் அதோடு பல ஆண்டுகள் நன்றாக வாழும். இரண்டில் எது என்று தெரியாமல் கொடுத்தால், வாங்குகிறவர் தவறான பராமரிப்பைச் செய்வார்.

குட்டைத் தாடைக் குட்டிக்குத்தான் அதிக வேலை. அது பாய்ந்து கவ்வும்போது குறி தப்பும். பிடிபடாத சில்வண்டுகள் கூண்டிலேயே தங்கி, இரவில் குட்டியின் தோலைக் கடிக்கும். ஆகவே பூச்சிகளைத் திரிய விடாதீர்கள். முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியில் ஒவ்வொன்றாக நீட்டுங்கள், அல்லது வழுவழுப்பான ஓரமுள்ள ஆழமற்ற கிண்ணத்தில் வையுங்கள். இரை குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. பட்டுப்புழு போன்ற மென்மையான இரை கவ்வ எளிது. நாக்கு வெளியே இருப்பதால் வாய் உலர்ந்து புண்ணாகும். வாரம் ஒருமுறை உதட்டோரத்தைப் பாருங்கள். மஞ்சளாகப் பாலாடைக்கட்டிபோல ஏதேனும் படிந்திருந்தால் அது வாய் அழுகல், காத்திருக்காதீர்கள்.

கோணல் முதுகுக் குட்டிக்குத் தரையில் மணல் வேண்டாம், கிச்சன் பேப்பர் போதும். ஒளிவிடத்தின் வாசல் அகலமாக இருக்கட்டும். உடலை வளைத்து உரச முடியாததால் உரியும் தோல் விரல்களிலும் வால் நுனியிலும் தங்கிவிடும். ஈரப் பாசி வைத்த ஒரு டப்பா கட்டாயம் வேண்டும். சூடான பக்கத்துத் தரை 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 டிகிரி அளவு, சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இரண்டையும் ஒரே கூண்டில் போடாதீர்கள். வலுவானது மற்றதைச் சாப்பிட விடாது.

இனி விளம்பரம். குறையை முதல் வரியிலேயே எழுதுங்கள். “பிறவியிலேயே முதுகு கோணல், தானாகச் சாப்பிடுகிறது, தினமும் மலம் கழிக்கிறது, மூன்று மாதத்தில் இத்தனை கிராம்” என்று. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகம் கிட்டத்தில் ஒன்று. நடப்பதையும் சாப்பிடுவதையும் காட்டும் சிறு வீடியோ. நல்ல கோணத்தில் எடுத்துக் குறையை மறைத்தால் ஒரு வாரத்தில் உங்களிடமே திரும்பி வரும், அல்லது தெரியாத மூன்றாவது கைக்குப் போய்விடும். பிந்தையதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

சிறு தொகையாவது வாங்குங்கள். ‘இலவசம்’ என்று போட்டால் பாம்புக்கு இரையாக வாங்குகிறவர்களும், மறுநாளே விற்கிறவர்களும் வருவார்கள். வருகிறவரிடம் கேளுங்கள்: இதற்கு முன் ஊர்வன வளர்த்ததுண்டா? கூண்டு தயாரா? அதன் படத்தையும், தெர்மாமீட்டர் காட்டும் அளவையும் அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவர் யார்? இருபது ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி இது என்பது தெரியுமா? ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் உண்டா? கெக்கோக்கள் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியைச் சுமக்கும். அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். பிரிட்டனில் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்பதே குற்றம்.

இனப்பெருக்கம் செய்ய மாட்டேன், முடியாமல் போனால் திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்குங்கள். பெண் குட்டி என்றால் இது இன்னும் முக்கியம். இடுப்பு கோணலாக இருந்தால் முட்டை வெளிவராமல் சிக்கி உயிரே போகலாம். ஆண் இல்லாமலும் அது முட்டை வைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாலினம் தெரியச் சில மாதங்கள் ஆகும். மூன்று மாதம் காத்திருங்கள் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொடுப்பதற்கு முந்தைய நாள் உணவு வேண்டாம். காற்றோட்டத் துளையிட்ட டப்பா, உள்ளே கசக்கிய கிச்சன் பேப்பர், வெளியே தெர்மோகோல் பெட்டி. நேரில் போய்க் கொடுங்கள். ராயல் மெயிலில் பல்லிகளை அனுப்ப அனுமதி இல்லை. எடை நோட்டையும், பழகிய உணவு இரண்டு வாரத்துக்கும் கூடவே கொடுங்கள்.

சரியான ஆள் கிடைக்கவில்லையா? கென்டில் டன்பிரிட்ஜ் அருகே ஊர்வன நலத்துக்கான தேசிய மையம் இருக்கிறது; விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.விடமும் கேட்கலாம். முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வேறொருவர் பொறுப்பேற்கும்வரை பொறுப்பு உங்களுடையது. தோட்டத்தில் விடுவது தீர்வே அல்ல. அந்நிய உயிரினத்தை வெளியே விடுவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விட்டாலும் இங்கிலாந்துக் குளிரில் அது பிழைக்காது.

கேள்வி: பொரித்த குட்டி ஒன்றால் எழுந்து நிற்கவே முடியவில்லை, சாப்பிடவும் இல்லை. ஃப்ரீசரில் வைத்தால் வலியில்லாமல் போய்விடும் என்கிறார்கள். சரிதானா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்ரீசரில் உடல் மெல்லத்தான் உறையும். அதுவரை வலியை உணராது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. மருத்துவர் முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு ஊசி போடுவார். குறையுள்ள எல்லாக் குட்டியையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. தானாக நகரவோ விழுங்கவோ முடியாத குட்டிக்கு வேறு வீடு தேடுவது அதன் வேதனையை நீட்டிப்பதே.

கேள்வி: மூன்று விரல் இல்லாத கெக்கோவை ஒருவர் தருகிறார். பிறவிக் குறை என்கிறார். வாங்கலாமா?
— வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: வாங்கலாம். ஆனால் பெரும்பாலும் அது பிறவிக் குறையாக இருக்காது. உரியாத தோல் வளையமாக இறுகி, இரத்த ஓட்டம் நின்று விரல் உதிர்ந்திருக்கும். மற்ற விரல்களில் வெளிறிய தோல் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் பத்து நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். நம் வீட்டுப் பல்லிபோல இது சுவர் ஏறுவதில்லை, அதனால் விரல் இழப்பு பெரிய ஊனமல்ல. அதைவிட வால் மெலிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாலில்தான் இது கொழுப்பைச் சேர்த்து வைக்கும். குச்சிபோன்ற வால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணித் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். மலப் பரிசோதனை முடியும்வரை உங்களிடம் இருக்கும் மற்ற கெக்கோக்களிடமிருந்து தள்ளி வேறு அறையில், தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு வையுங்கள்.

கேள்வி: அடுத்த முட்டைகளில் இப்படி வராமல் தடுக்க முடியுமா?
— வாசகர், குரோய்டன்

பதில்: இன்குபேட்டரை முதலில் பாருங்கள். 26 முதல் 32 டிகிரிக்குள் சீராக இருக்க வேண்டும். 34ஐத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. தெர்மோஸ்டாட்டின் உணரி முட்டை இருக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும்; மூடியில் ஒட்டியிருந்தால் அது காட்டும் எண் வேறு, முட்டை படும் சூடு வேறு. எடுத்த முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, திருப்பாமல் வையுங்கள். தாய்க்குக் கால்சியம், வைட்டமின் ஏ குறைந்தாலும் குட்டிகளில் தெரியும். இவையெல்லாம் சரியாக இருந்தும் இரண்டாம் முறை குறை வந்தால், ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்றால் இரண்டாம் முறைக்கே காத்திருக்க வேண்டாம். பிரித்த பிறகும் பெண் பல மாதங்களுக்குக் கருவுற்ற முட்டை வைக்கலாம். அவற்றை வைத்த அன்றே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். கரு மேலும் வளரும் முன் செய்ய வேண்டியது அது.