டிரெய்லர் மூக்கைத் தூக்குகிறதா? கொக்கியை இறக்குங்கள், அச்சைத் தொடாதீர்கள்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். பழைய டிராக்டரைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கினேன். என்னுடைய ரெண்டு சக்கர டிரெய்லரை அதில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் சரிந்து நிற்கிறது. ஆத்தங்குடி டைல்ஸும், இடித்த வீடுகளின் தேக்கு மரமும் வாடகைக்கு ஏற்றுகிறேன். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பெரிய டிராக்டரில் கொக்கி உயரமாக இருப்பதால்தான் டிரெய்லர் மூக்கைத் தூக்குகிறது. கட்டை வைத்தால் தளம் சமமாகும்தான். ஆனால் மொத்தப் பாரமும் உயரத்துக்குப் போய்விடும். கண்மாய்க் கரையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், வண்டி குடை சாயும். போதாக்குறைக்கு, ஸ்பிரிங் பட்டை மேல் வெல்டிங் சூடு பட்டால் அது முறுக்கு இழந்து அந்த இடத்திலேயே ஒடியும்.

ரெண்டு சக்கர டிரெய்லர் தராசு மாதிரி. அச்சுக்கு முன்னால் உள்ள பாரம் கொக்கியை அழுத்தும், பின்னால் உள்ளது தூக்கும். மூக்கு தூக்கி நின்றால் கொக்கியின் மேல் அழுத்தம் குறைந்து, டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். டைல்ஸை அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு அடுக்கிக்கொள்ளலாம். தேக்குத் தூண் அப்படி அடங்காது, பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மேடு ஏறும்போது அதுவே கொக்கியை மேலே நெம்பும்.

முதலில் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் வண்டியை நிறுத்துங்கள். எல்லா டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா, பட்டை ஏதும் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேப் எடுத்துத் தரையிலிருந்து தளத்தின் அடிவிளிம்பு வரை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வெறும் வண்டியில் ஒருமுறை, வழக்கமான பாரத்தோடு ஒருமுறை. பாரத்தோடு எடுக்கும் அளவுதான் கணக்கு. அதில் முன்பக்கம் உயரமாக இருந்தால் கொக்கியை இறக்க வேண்டும்.

டிராக்டரின் பின் தகட்டில் மேலும் கீழுமாகத் துளைகள் இருந்தால் கொக்கியைக் கீழ்த் துளைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் மாடலுக்கென்று வரும் போல்ட் போடுகிற கொக்கியை டீலரிடம் கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டாப் லிங்க் (கலப்பை மாட்டுவதற்குப் பின்னால் உள்ள மேல் கை) இடத்தில் மாட்டாதீர்கள். இழுவை பின் அச்சுக்கு மேலே போனால் முன் சக்கரம் எழும்பி, கண் மூடித் திறப்பதற்குள் டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே கவிழும்.

நாலு சக்கர டிரெய்லர் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கொக்கியைக் கழற்ற வேண்டாம். அதன் இழுவைச் சட்டம் கீல் போட்டது, மேலும் கீழும் தானே ஆடும். கொக்கி உயரமாக இருந்தாலும் தளம் சாயாது. ஆனால் சட்டம் டிராக்டரை நோக்கிச் செங்குத்தாக ஏறி நின்றால், பிரேக் போடும்போது பின்னாலிருந்து தள்ளும் பாரம் டிராக்டரின் பின்பக்கத்தையே தூக்கும். அதனால் அங்கே தளத்தை அளக்காதீர்கள், சட்டத்தின் சாய்வைப் பாருங்கள். கீல் துருப்பிடித்து இறுகியிருந்தால் சட்டம் ஆடாது, அப்போது அது நாலு சக்கர வண்டி என்ற பேச்சே இல்லை.

இன்னொன்று. உங்கள் டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. (பதிவுச் சான்று) இருக்கிறதா? "டிராக்டர் நம்பரே போதும்" என்று சொல்லி விற்றுவிட்டுப் போகும் புரோக்கர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் வாகனமாகத்தான் கணக்கில் வைக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அதன் 52-வது பிரிவு சொல்கிறது. சட்டம் இருந்து என்ன? எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போனால் பெயின்டையும் நம்பரையும் பார்க்கிறார்கள், கொக்கியின் உயரத்தை யாராவது குனிந்து அளந்து நான் பார்த்ததில்லை. விபத்து நடந்த பிறகுதான் எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வருகிறது. விவசாயத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு வாடகைக்கு டைல்ஸ் ஏற்றினால் கம்பெனி கையை விரித்துவிடும். புரோக்கர் போனையே எடுக்க மாட்டார்.

கொக்கியை மாற்றும்போதே, டிரெய்லரை அதோடு இணைக்கச் செருகும் பின்னையும் (pin) பாருங்கள். வெட்டிய கட்டுமானக் கம்பியைச் செருகி ஓட்டுகிறார்கள், அது வளைந்து தெறிக்கும். கொக்கித் துளைக்குச் சரியான தடிமனில் ஹை டென்சில் (உறுதியான எஃகு) பின், அது எகிறாமல் இருக்கக் கீழே கிளிப், கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி. இவை மூன்றும் இல்லாமல் களத்தைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.