உட்கார்ந்து செய்கிற வேலையா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். உடுமலை பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். களை ஓட்ட வாடகை வண்டி சொன்ன நாளில் வருவதில்லை. மூன்று லட்சத்துக்குள் பழைய டிராக்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். மாஸே 1035, மஹிந்திரா 275 இரண்டும் விலைக்கு வந்திருக்கின்றன. எது நல்லது? அப்பாவுக்கு 67 வயது, இடது முழங்காலில் வலி உண்டு. டிராக்டர் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, அவரே ஓட்டிக்கொள்வார்.

பதில்: எது நல்லது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. இரண்டுமே 40 குதிரைத்திறனுக்குள் வருபவை. உங்கள் தோப்புக்குப் போதும். உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்காது. எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

உங்கள் கடைசி வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையா? நீங்கள் ஒரு நாளாவது டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? கிளட்ச் எந்தக் காலுக்கு வரும்? இடது காலுக்கு. ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் உங்கள் தோப்பில் முந்நூற்றைம்பது மரம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கிளட்ச்சை மிதிக்க வேண்டும், பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்க வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். பழைய வண்டி கிளட்ச் கல் மாதிரி இருக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் தோளும் சேர்ந்து போகும். பாதி நேரம் இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடிதான் ஓட்ட வேண்டும். இதைத்தான் முழங்கால் வலிக்காரருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பிள்ளை வெளியூரில் இருந்து பணம் அனுப்பி ஒரு இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பான். அதோடு தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்வான். அப்பா வேண்டாம் என்று சொல்ல மாட்டார். மகன் வாங்கித் தந்தது என்று ஊரெல்லாம் சொல்லுவார், ராத்திரி அம்மாதான் தைலம் தேய்த்துவிடுவார். உங்கள் நிலத்துக்கு உங்கள் அப்பாவைச் சம்பளமில்லாத டிரைவராக வைப்பது தப்பு. நாலு எழுத்தில் மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

வலியைவிட எனக்குப் பெரிய பயம், எஞ்சின் சக்தியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ராடு. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். பழைய வண்டிகளில் அதன் மேல் மூடி அநேகமாக இருக்காது. அப்பா தோப்பில் வேட்டிதானே கட்டுகிறார்? நுனி அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மூடி இல்லாமல் அந்த வண்டியை வீட்டுக்குள் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் ரோட்டவேட்டர் பக்கம் போகவும் கூடாது.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஓடிச் சூடான பிறகும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பாருங்கள், சட்டென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது. ஓடிய மணிநேரத்தை மீட்டர் குறைவாகக் காட்டி, கிளட்ச் பெடல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். நெல் வயலில் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டுச் சேறு கலக்கிய வண்டி என்றால் ஆக்சில் சீல், பிரேக் இரண்டையும் மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்தையும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சரி, யார் ஓட்டுவது? பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டத் தெரிந்த பையன் இருப்பான். நாள் கூலி பேசுங்கள், அதையும் மூன்று லட்சக் கணக்கில் சேருங்கள். சேர்த்தால் கட்டுப்படவில்லை என்றால் வாங்கவே வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகைக்கு டிராக்டர் தருகிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்யலாம்.

அதற்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். வாங்க நினைக்கிற வண்டியில் அப்பாவை ஏறி உட்காரச் சொல்லி, கிளட்ச்சைப் பத்துத் தடவை மிதிக்கச் சொல்லுங்கள். வண்டியைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள்.